புள்ளிச் சட்டை வாரம்

2024 நவம்பர் 5, செவ்வாய்

அரைத்தவணை விடுமுறை முடிந்து நேற்றுத்தான் பள்ளிக்கூடம் தொடங்கியது. ஹரோவில் நாள் முழுக்க ஒரே மூட்டம். பிள்ளைகள் போனபின் ஆசிரியர் கூட்டம். 15ஆம் திகதி வெள்ளிக்கிழமை ‘சில்ட்ரன் இன் நீட்’. சிறுவர்களுக்காக பி.பி.சி. ஆண்டுதோறும் நடத்தும் நிதி சேகரிப்பு அது. எங்கள் பள்ளிக்கூடத்தில் வழமை ஒன்றுதான்: அன்று சீருடை வேண்டாம், புள்ளி போட்ட உடுப்பு, ஆளுக்கு ஒரு பவுண்டு. அதிபர் அதை வாசித்துவிட்டு அடுத்த விடயத்துக்குப் போகப் பார்த்தார். நான் கையை உயர்த்தினேன்.

மூன்றாம் ஆண்டு வகுப்பில் நான் துணை ஆசிரியை. எங்கள் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. கொட்டும் மழையிலும் வந்துவிடுவாள். கவுன்சில் அவளுடைய குடும்பத்தை வீடு கிடைக்கும்வரை ஒரு ஹோட்டல் அறையில் தங்க வைத்திருக்கிறது. இரண்டு பஸ் மாறித்தான் பள்ளிக்கூடம் வரவேண்டும், அப்படியும் மணிக்கு முன்னரே வந்து நிற்பாள். ஆனால் போன வருடம் புள்ளி நாளில் வரவில்லை. டிசம்பரில் நத்தார் ஜம்பர் போட்டு வரும் நாளன்றும் இல்லை. மார்ச்சில், வேடம் போட்டு வரும் உலகப் புத்தக நாளன்று வயிற்றுவலி. வகுப்பாசிரியையும் நானும் வரவுப் பதிவைப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். அவள் மட்டுமில்லை. மற்ற வகுப்புகளிலும் அந்த நாட்களில் மட்டும் வயிற்றுவலி வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதிபர் நல்ல மனுசி. “யாரையும் நாங்கள் கட்டாயப்படுத்துவதில்லையே, மறந்து வருகிறவர்களுக்குத்தான் அந்தப் பெட்டி இருக்கிறதே” என்றார். கந்தோர் வாசலில் இருக்கும் பெட்டியைச் சொன்னார். இந்த நாளின் சின்னமான கரடியின் காது வைத்த தலைப்பட்டிகள் அதற்குள் கிடக்கும். சும்மா வருகிற பிள்ளைக்கு ஒன்றை எடுத்து மாட்டிவிடுவோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பெட்டி ஆருக்கென்று நன்றாகத் தெரியும். மறதிக்காரருக்கென்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம். அந்தக் காதை மாட்டிக்கொண்டு வகுப்புப் படத்தில் நிற்பதைவிட வீட்டில் போர்த்திக்கொண்டு படுப்பது நல்லதென்று பிள்ளை முடிவெடுக்கிறது. இதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. வியாழனுக்குள் வேறு வழி எழுதித் தரச் சொன்னார்.

வெளியே வாண வெடிச் சத்தம். நாய்கள் குரைத்தபடி இருக்கின்றன. எழுத உட்கார்ந்தேன், தலையிடி. நாளைக்கு.

நவம்பர் 6, புதன்

வவுனியாவில் ஆசிரியையாக இருக்கும் தங்கச்சியோடு காலையில் கதைத்தேன். 1993 முதல் இலங்கையில் அரசாங்கமே பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி கொடுத்து வருகிறது. கிடைக்கிற துணியைத் தைத்துப் போட்டுவிட்டால் ஆர் வீட்டில் உலை கொதிக்கிறது, ஆர் வீட்டில் இல்லை என்று வரிசையில் தெரியாது. “ஆனா ஒக்டோபர் முதலாந் திகதி சிறுவர் தினத்துக்கு கலர் உடுப்போட வரச் சொல்லுவினம். அண்டைக்கும் வெள்ளைச் சட்டையோட ரெண்டு மூண்டு பிள்ளையள் வருங்கள். எனக்கு அதுகளின்ர முகத்தைப் பாக்கேலாது அக்கா” என்றாள். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் அதே கதை.

சீருடை ஒரு கூரை. எல்லாப் பிள்ளைகளும் அதன் கீழே நிற்கிறார்கள். வருடத்தில் சில நாள் அந்தக் கூரையை நாங்களே, நல்ல காரியத்துக்காக, கழற்றி வைக்கிறோம். இந்த நாட்களை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் இல்லை. பிள்ளைகளுக்கு இவை எவ்வளவு சந்தோசம் என்பதை வகுப்பில் இருந்து பார்க்கிறவள் நான். முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்காக ஒரு காரியம் செய்யலாம் என்று ஐந்து வயதில் ஒருவருக்குத் தெரிய வருவது பெரிய விசயம். அந்தக் கொடையை அம்மா அப்பாவின் பணப்பையிலிருந்து எடுத்துப் பிள்ளையின் கைக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எழுதிக் கொடுத்தது இது. கடிதத்தில் ஒரு பவுண்டு என்ற தொகையே வரக்கூடாது. விரும்பியவர்கள் விரும்பியதைக் கைபேசிச் செயலியில் கட்டட்டும், ஆர் கட்டினார்கள் என்பது கந்தோரோடு நிற்கட்டும், வகுப்புக்கு வரவேண்டாம். எல்லாரும் சீருடையோடே வரட்டும். புள்ளிகளை வியாழன் பின்னேரம் பள்ளிக்கூடத்திலேயே வெட்டி, வெள்ளி காலை அந்தச் சட்டையிலேயே ஒட்டுவோம். மண்டபத் தரையில் கரடியின் உருவத்தை வரைந்து, வீடுகளில் மேசை லாச்சிக்குள் கிடக்கும் செப்புக் காசுகளால் நிரப்புவோம். காசு கொண்டுவராத பிள்ளையும் அடுக்கலாம், எண்ணலாம், நிறுக்கலாம். காதுப் பெட்டி வேண்டாம்.

நவம்பர் 8, வெள்ளி

அதிபர் சம்மதித்துவிட்டார். சேர்கிற தொகை குறைந்துவிடுமோ என்ற கவலை அவருக்கு இருக்கிறது. அதோடு, காலைக் கூட்டத்தில் இந்த நாளின் கதையை நானே பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும் என்றார்.

சொன்னேன். 1927 நத்தார் நாளன்று பி.பி.சி. வானொலியில் ஐந்து நிமிட வேண்டுகோள் ஒன்று ஒலித்தது. தொலைக்காட்சி இல்லாத காலம். வீட்டில் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து கேட்டவர்கள் அனுப்பியது 1,143 பவுண்டுகளும் சில்லறையும். அது நான்கு சிறுவர் அமைப்புகளுக்குப் போனது. 1955இல் தொலைக்காட்சிக்கு வந்தது. 1980இல் ஒரு மாலை முழுவதையும் இதற்கே ஒதுக்கினார்கள். டெரி வோகன் என்ற தொகுப்பாளர் அன்று தொடங்கி 2014 வரை அந்த மேடையில் நின்றார். 1985இல் ஜோவன்னா லேன் என்ற பி.பி.சி. வடிவமைப்பாளர் ஒரு கரடியை வரைந்தார். லீட்ஸுக்குப் பக்கத்தில் உள்ள தன்னுடைய ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்: பட்ஸி. அவருடைய பாட்டனார் அந்த ஊரின் மேயராக இருந்தவர்.

கரடியின் ஒரு கண்ணை ஏன் துணியால் கட்டியிருக்கிறது என்று முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று கேட்டது. காயம் பட்டிருக்கிறது, ஆனாலும் சிரித்துக்கொண்டு நிற்கிறது என்றேன். “அதுக்கு ஆர் கட்டுப் போட்டது?” என்று அடுத்த கேள்வி. பெரிய வகுப்பு ஒன்றிலிருந்து பதில் வந்தது: “நாங்கதான்.” நான் சொல்ல நினைத்திருந்த மீதியெல்லாம் அதற்குப் பிறகு தேவைப்படவில்லை.

நவம்பர் 11, திங்கள்

பதினொரு மணிக்கு இரண்டு நிமிட மௌனம், போரில் இறந்தவர்களுக்காக. சட்டைகளில் சிவப்புப் பொப்பிப் பூ. பொப்பிப் பெட்டிக்கும் காசு, வெள்ளிக்கும் காசு. நவம்பர் மாதம் பெற்றோரிடம் கையை நீட்டி நீட்டியே கழிகிறது.

வாசலில் ஒரு தமிழ்த் தாய் பிடித்துக்கொண்டார். “அக்கா, குறை நினைக்காதேங்கோ. வன்னியில எங்கட பிள்ளையள் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போகுதுகள். இஞ்ச இருக்கிறதுகளுக்கு என்னத்துக்குக் குடுக்கிறது?” கேள்வியில் பிழை இல்லை. இந்த நிதி ஐக்கிய இராச்சியத்துக்குள்ளேயே செலவாகிறது என்பதும் உண்மை. சிறுவர் நோய்த்தணிப்பு இல்லங்கள், இளையோர் கழகங்கள், துயரத்தில் இருக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதைக்கும் சிறிய அமைப்புகள் என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். நான் அவருக்குச் சொன்னது இதுதான்: இந்த நாட்டில் வீட்டுச் செலவைக் கழித்துப் பார்த்தால் 43 இலட்சம் பிள்ளைகள் வறுமைக்குள் இருப்பதாக இந்த மார்ச்சில் அரசாங்கமே கணக்குக் காட்டியது. நூற்றுக்கு முப்பது. முப்பது பேர் உள்ள ஒரு வகுப்பில் ஒன்பது பேர். உங்கள் மகனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிற பிள்ளையாகவும் இருக்கலாம்.

அவர் யோசித்தார். “ஊருக்கு அனுப்பிறதை அனுப்புவன். இதுக்கு வீட்டில கிடக்கிற சில்லறையைத் தாறன்” என்றார். அதுவே போதும் என்றேன். ஊருக்கு அனுப்புகிறதைக் குறைத்து இங்கே தரும்படி நான் ஒருநாளும் கேட்கமாட்டேன்.

இன்று காலை இதே நிதிக்காகப் பாடி மெக்கின்னஸ் என்ற தொலைக்காட்சிக்காரர் வேல்ஸில் உள்ள ரெக்ஸமிலிருந்து கிளாஸ்கோவுக்குச் சைக்கிளில் புறப்பட்டிருக்கிறார். 300 மைல், ஐந்து நாள். எழுபதுகளில் சிறுவர்கள் ஓட்டிய, உயர்ந்த கைபிடி வைத்த கனமான சொப்பர் சைக்கிள். வகுப்புச் சுவரில் வரைபடம் ஒட்டி, அவர் போகிற வழியில் ஊசி குத்திக்கொண்டு வருகிறோம். புவியியல் பாடம் தன்பாட்டில் நடக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்

பகிடிவதைக்கு எதிரான வாரம் இது. இன்று சோடி மாறிய மேசு நாள். ஒரு காலில் ஒரு நிறம், மற்றக் காலில் இன்னொரு நிறம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம், அது நல்லதே என்பதற்காக. காசு கேட்பதில்லை. வாங்கவும் ஒன்றும் இல்லை. எந்த வீட்டிலும் சோடி தொலைந்த மேசு இருக்கும்.

எங்கள் வகுப்பில் ஒருவர் விடாமல் எல்லாரும் வந்திருந்தார்கள். அவளும் வந்தாள். ஒரு காலில் தன்னுடைய சாம்பல் மேசு, மற்றதில் முழங்காலுக்கு மேலே இழுத்துவிட்ட அப்பாவின் கறுப்பு மேசு. நடக்க நடக்க அது கீழே வழிகிறது. குனிந்து இழுத்துவிட்டு, “மிஸ், இது அப்பாவின்ர” என்று எல்லாருக்கும் முன்னால் பெருமையாகச் சொன்னாள். மத்தியானம் அதிபர் உணவு மண்டபத்தில் நின்று வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து, “இன்றைக்கு வராதவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தேன், சாதாரண செவ்வாய் மாதிரித்தான்” என்றார். கூட்டத்தில் நான் அரை மணி நேரம் பேசியதைவிட அந்தக் கறுப்பு மேசு நன்றாகப் பேசிவிட்டது.

நவம்பர் 13, புதன்

தெற்கு ஹரோவில் வீட்டிலிருந்து சட்டை தைக்கும் அம்மா ஒருவர், நாலாம் ஆண்டுப் பையனின் தாய், ஒரு பெரிய பை நிறைய வெட்டுத் துண்டு கொண்டுவந்து தந்தார். சாறிச் சட்டைகளில் மிஞ்சியவை. மயில் கழுத்து நிறம், அரக்கு, மஞ்சள், ஓரத்தில் சரிகை. பட்டு இழை பிரியும், பருத்தியைப் பிள்ளைகளிடம் கொடுங்கோ, பட்டைப் பெரியவர்கள் வெட்டுங்கோ என்று சொல்லித்தான் தந்தார்.

பாடி மெக்கின்னஸ் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகளுக்கு வேறு கதையே இல்லை.

நவம்பர் 14, வியாழன்

பின்னேரம் பள்ளிக்கூடம் முழுக்க வட்டம் வெட்டினது. தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்துச் சுற்றிவரப் பென்சிலால் கீறினால் பெரிய புள்ளி. பசைக் குச்சியின் மூடி சின்னப் புள்ளிக்கு. கத்தரிக்கோல் நேராகப் போக ஆசைப்படும். கையை அசைக்காமல் துணியைத்தான் திருப்பவேண்டும் என்பது பிள்ளைகளுக்கு உடனே பிடிபடாது. காட்டிக்கொடுத்ததும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். ஊசி கூடாது, பசை துணியில் நிற்காது. கடதாசி ஒட்டுநாடாவை ஒட்டும் பக்கம் வெளியே வர வளையமாகச் சுருட்டி வைத்தோம். நன்றாகப் பிடிக்கிறது, கழற்றினால் சட்டையில் அடையாளமும் இல்லை.

எல்லாப் புள்ளியும் ஒரே கூடைக்குள். எது ஆர் வெட்டினது என்று எழுதவில்லை. காலையில் எவரும் எதையும் எடுக்கலாம். அந்தப் பெண்பிள்ளை கெட்டிக்காரத்தனமாக வெட்டுகிறாள், ஆனால் தனக்கென்று ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. நாளைக்கு வருவாயா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அது ஒரு சுமை.

நவம்பர் 15, வெள்ளி

வந்தாள். மணியடிக்க முன்னரே. கூடையில் கையை விட்டு அரக்கு நிறச் சரிகைத் துண்டைத் தேடி எடுத்து நெஞ்சுக்கு நேரே ஒட்டிக்கொண்டாள். மற்றவர்கள் முதுகில், கையில், ஒருவன் இரண்டு கன்னத்திலும். இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் அம்மாவின் ஒட்டுப்பொட்டு அட்டையைக் கொண்டுவந்து கேட்டவர்களுக்கெல்லாம் கழற்றிக் கொடுத்தார்கள். வெள்ளைச் சட்டைகள் ஒரு மணி நேரத்துக்குள் திருவிழாவாகிவிட்டன. அதிபருக்கு மூன்றாம் ஆண்டு கூடித் தொப்பி முழுக்கப் புள்ளி ஒட்டிக் கொடுத்தது.

மண்டபத்தில் கரடி. சுண்ணக்கட்டியால் கீறிய உருவம், ஆறு அடி உயரம். வகுப்பு வகுப்பாக வந்து காசை அடுக்கினார்கள். மேசை லாச்சிகளிலும் கதிரை இடுக்குகளிலும் கிடந்த காசெல்லாம் வந்து சேர்ந்தது. கறுத்துப்போன பென்ஸ், புளி போட்டு விளக்கின மாதிரிப் பளபளக்கும் பென்ஸ்.

பிறகு எண்ண வேண்டும். வங்கிக்குக் கொண்டுபோகிற பைகளில் எழுதியிருக்கும்: ஒரு பென்ஸும் இரண்டு பென்ஸும் பைக்கு ஒரு பவுண்டு, ஐந்தும் பத்தும் ஐந்து பவுண்டு, இருபதும் ஐம்பதும் பத்துப் பவுண்டு, ஒரு பவுண்டுக் குத்தி இருபது. நூறு நூறாக எண்ணிக் களைத்துப்போன நேரத்தில் வகுப்பாசிரியை சமையலறைத் தராசைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு பென்ஸ் 3.56 கிராம். இரண்டு பென்ஸ் 7.12 கிராம், சரியாக இரட்டிப்பு. ஆகவே இரண்டையும் கலந்து கொட்டினாலும் 356 கிராம் வந்தால் ஒரு பவுண்டு. இதை நாங்கள் சொல்லவில்லை. மாறி மாறி நிறுத்துப் பார்த்து, சின்னது இரண்டு பெரியது ஒன்றுக்குச் சமம் என்று ஒரு மேசைப் பிள்ளைகள் கண்டுபிடித்துக் கத்தினார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் எண்ணவில்லை, எல்லாரும் நிறுத்தார்கள். ஒரு மீற்றர் நீளத்துக்கு எத்தனை பென்ஸ் என்று அடிமட்டம் வைத்தார்கள்: 49. அப்படியென்றால் ஒரு மைலுக்கு? பலகையில் போட்டுப் பெருக்கி, ஏறக்குறைய 790 பவுண்டு என்று வந்ததும் கிளாஸ்கோ வரைக்கும் எவ்வளவு என்று கேட்டு மணியடிக்கும்வரை விடவில்லை. இந்த வருடத்தில் நான் பார்த்த ஆகச் சிறந்த கணக்குப் பாடம் இது.

காசு கொண்டுவந்தது ஆர், கொண்டுவராதது ஆர் என்று எனக்குத் தெரியாது. தராசுக்குப் பக்கத்தில் எல்லாருடைய விரல்களும் ஒரே மாதிரிச் செப்பு மணத்தன.

முதலாம் ஆண்டில் ஒரு பையன் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

நவம்பர் 16, சனி

நேற்று இரவு அம்மாவோடு தொலைக்காட்சி பார்த்தேன். பாடி மெக்கின்னஸ் கிளாஸ்கோ போய்ச் சேர்ந்துவிட்டார். முடிவில் திரையில் வந்த தொகை 3 கோடியே 90 இலட்சம் பவுண்டுகளுக்கு மேல். அம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்து, “வெள்ளைக்காரன்ர ஊரிலயும் இவ்வளவு பிள்ளையளுக்குக் கஷ்டமோ?” என்றார். இடையிடையே பிள்ளைகளைப் பற்றிய குறும்படங்கள் வந்தன. அம்மா சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

எங்கள் பள்ளிக்கூடத் தொகை போன வருடத்தை விடச் சற்றுக் குறைவு. அதிபர் செய்தி அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வரி: “வரவு திருப்தி. அடுத்த வருடமும் இப்படியே.”

நவம்பர் 18, திங்கள்

குளிர் இறங்கிவிட்டது. வாசலில் அந்த முதலாம் ஆண்டுப் பையனின் தாயைக் கண்டேன். காய்ச்சல் இல்லை. பிள்ளைக்கு ஆட்டிசம். வழமையில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலே தாங்கமாட்டான். வெள்ளி காலை தன் சட்டையில் ஒட்டப்போகிறார்கள், மண்டபத்தில் கூட்டமாக இருக்கும் என்று கேட்டதிலிருந்து சப்பாத்துப் போடவே விடவில்லையாம். “நீங்கள் நல்ல எண்ணத்தோடதான் செய்தனீங்கள்” என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்.

பணத்தைப் பற்றியே நான் இத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன். பிள்ளையை வீட்டில் இருத்துகிற காரணம் வேறும் உண்டு. அந்தத் தாயோடு பத்து நிமிடம் நின்று கதைத்ததில் தெளிவாகச் சில காரியங்கள் கிடைத்தன. ஒரு கிழமைக்கு முன்பே என்ன நடக்கும் என்று படம் படமாக வரைந்து வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். சட்டையில் ஒட்ட விரும்பாதவனுக்குக் கையில் ஒரு அட்டை, அல்லது ஒன்றுமே வேண்டாம். மண்டபம் வெறுமையாக இருக்கிற நேரம், காலை எட்டரைக்கு, அவன் ஒரு பெரியவரோடு போய்த் தன் காசை அடுக்கலாம். அவனுக்கு வரிசையாக அடுக்குவது என்றால் உயிராம். கரடியின் காதை அவனே முழுக்க முடித்திருப்பான் என்று தாய் சொன்னபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

இன்று ‘சேவ் த சில்ட்ரன்’ அமைப்பின் நத்தார் ஜம்பர் நாள். நவம்பர் கடைசியிலிருந்து கந்தோர் வாசலில், காதுப் பெட்டி இருந்த இடத்தில், உடுப்புக் கம்பி ஒன்று நிற்கிறது. வளர்ந்து போட முடியாத ஜம்பரைக் கொழுவலாம், வேண்டியதை எடுக்கலாம். ஆசிரியர்களும் அதிலிருந்துதான் எடுக்கவேண்டும் என்று அதிபர் சொல்லிவிட்டார். அதனால் அதில் கை வைப்பது ஒருவருக்கும் கூச்சமாக இல்லை. அதிபரே போன வருடம் ஆறாம் ஆண்டுப் பையன் போட்ட மான்கொம்பு ஜம்பரோடு, கை முழங்கையோடு நிற்க, நாள் முழுக்கத் திரிந்தார். விரும்பாதவர்கள் சீருடை ஜம்பரில் பஞ்சு ஒட்டினார்கள். எங்கள் வகுப்புப் பெண்பிள்ளை அப்படித்தான்: தோளிலிருந்து மணிக்கட்டு வரை பனி. முதலாம் ஆண்டுப் பையன் எட்டரைக்கே வந்து, தன் சாதாரண ஜம்பரோடு, கம்பியில் இருந்த கொழுவிகளை நிறவரிசையில் மாட்டிவிட்டு வகுப்புக்குப் போனான்.

காலைக் கூட்டத்தில் எக்லன்டைன் ஜெப் கதை சொன்னேன். 1919இல், முதல் உலகப் போர் முடிந்த பிறகும் ஒஸ்திரியாவில் பிள்ளைகள் பட்டினி கிடந்தபோது, அவர்களுடைய படம் போட்ட துண்டுப் பிரசுரத்தை இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் கொடுத்ததற்காகக் கைது செய்யப்பட்டவர். எதிரி நாட்டுப் பிள்ளைகளுக்கு என்னத்துக்கு உதவி என்று ஊரே கேட்ட காலம். 5 பவுண்டு அபராதம். வழக்கு முடிந்ததும், எதிராக வாதாடிய அரச வழக்கறிஞரே தன் கையிலிருந்து 5 பவுண்டை எடுத்துக் கொடுத்தார். அந்த வருடமே தன் சகோதரி டொரத்தி பக்ஸ்டனோடு சேர்ந்து ஜெப் இந்த அமைப்பைத் தொடங்கினார். பிள்ளைகளின் உரிமைகளுக்கான பிரகடனத்தை எழுதியவரும் அவரே. 1924இல் சர்வதேச சங்கம் அதை ஏற்றுக்கொண்டது.

வாசலில் நவம்பரில் கேட்ட அதே தாய், “இது ஊருக்கும் போகுமோ அக்கா?” என்றார். அவர்கள் பல நாடுகளில் வேலை செய்கிறார்கள், இலங்கையிலும் நெடுங்காலமாக வேலை செய்திருக்கிறார்கள் என்றேன். மகனின் பழைய ஜம்பர் இரண்டைக் கம்பியில் கொழுவிவிட்டுப் போனார்.

பின்னேரக் கூட்டத்தில் உலகப் புத்தக நாள், 2025 மார்ச் 6. கடையில் வேடம் வாங்குகிற செலவு அன்றுதான் ஆக அதிகம். வீட்டிலிருந்து வேடம் வேண்டாம், ஒவ்வொரு வகுப்பும் தான் வாசித்த ஒரு புத்தகத்துக்குத் தொப்பி செய்யும் என்று முடிவாகியிருக்கிறது. தொப்பி போட விரும்பாத பிள்ளை அதைக் கையில் பிடிக்கும், அல்லது மேசையில் வைக்கும். படம் வரைந்த அறிவித்தல் பெப்ரவரி கடைசியில் வீடுகளுக்குப் போகவேண்டும். அட்டைப்பெட்டி சேர்க்கும் பொறுப்பு என்னுடையது. தெற்கு ஹரோக் கடைக்காரரிடம் கேட்டாயிற்று, மரக்கறி வருகிற பெட்டிகளைத் தைப்பொங்கலுக்குப் பிறகு வந்து எடுக்கச் சொன்னார்.